மருந்துக் கேனில் ஊறும் திராட்சை

கார்த்திகை பிறந்தால் போதும், ஆரம்பித்துவிடும். “ஏதோ ஜூஸ் குடிச்சேன் டாக்டர், ஒத்துக்கலை.” கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை ஒருவரும் வீட்டில் செய்த திராட்சை வைன் என்று வாயைத் திறப்பதில்லை. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம், பயம் நியாயம்தான். அந்தப் பயத்தில் இரண்டு நாள் இஞ்சிக் கஷாயம் குடித்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் வருகிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் முதலில் கேட்பது: எதில் ஊற வைத்தீர்கள்?

கழுவினால் போய்விடுமா?

திராட்சை புளித்து முதலில் பொங்குவது அடங்கியதும் ரசத்தை வடித்து, வாய் குறுகிய வேறொரு பாத்திரத்தில் வாரக்கணக்கில் வைக்கிறார்கள். காசை மிச்சம் பிடிக்கும் யோசனை இங்கேதான் வருகிறது. பழைய சாமான் கடையில் பூச்சிமருந்து கேனோ தின்னர் கேனோ மலிவாகக் கிடைக்கிறது. “சோப்பு போட்டு நாலு தடவை கழுவினோமே!” பிளாஸ்டிக் உறிஞ்சிய மருந்து கழுவினால் போகாது, உள்ளே ஊறும் புளிப்பும் ஆல்கஹாலும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கும். எச்சில் ஒழுகி, வியர்த்து, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கி வருபவருக்குக் கஷாயம் என்ன செய்யும்?

“பித்தளைக் குடம் பாட்டி காலத்துப் பாத்திரம்” என்பது அடுத்த வாதம். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்கப் பாட்டியே விடமாட்டார். புளிப்பு செம்பைக் கரைக்கும், வாந்தி பிடுங்கும். அலுமினியமும் வேண்டாம். உலோகம் மதுவில் கரைவது புதுக்கதையல்ல: இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆப்பிள் மது குடித்தவர்களை வாட்டிய வயிற்றுவலிக்கு, பிழியும் கருவிகளிலிருந்த காரீயமே காரணம் என்று மருத்துவர் ஜார்ஜ் பேக்கர் 1767லேயே எழுதிவிட்டார்.

இறுக்கி மூடுகிறவர்களுக்கு

ஒரு லிட்டரில் 20 கிராம் சர்க்கரை மிஞ்சியிருந்தாலே, அது புளித்து 5 லிட்டருக்கு மேல் வாயு வரும். இறுக்கி மூடிய பிராந்தி பாட்டில் அதைத் தாங்குமா? வெடித்தால் கண்ணாடிச் சில்லு கண்ணுக்குத்தான் போகிறது.

விஷச்சாராயம் வேறு

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் மதுராந்தகம் பக்கத்துப் பெருங்கரணையிலும் நடந்ததைச் சொல்லி, “நாங்க வைக்கிறது வெறும் திராட்சை” என்கிறார்கள். அங்கே 20க்கும் மேற்பட்டோரைக் கொன்றது ஆலைகளுக்கான மெத்தனால். புளிக்க வைத்ததில் ஊறி வந்ததல்ல. திராட்சையில் வரும் மெத்தனால் மிகச் சொற்பம். ஆனால் ‘வேகம்’ போதவில்லை என்று யாரோ கொடுத்த ஸ்பிரிட்டை அதில் ஊற்றினால் நீங்களும் அதே இடத்துக்கு வந்துவிடுவீர்கள். பார்வை மங்க 12 மணி நேரம், சிலருக்கு ஒரு நாள்கூட ஆகும். மோர், எலுமிச்சை, “முறிக்க இன்னொரு குவார்ட்டர்” என்று எதையும் நம்பி நேரத்தைக் கடத்தாதீர்கள். ரத்தத்தில் அமிலம் பார்ப்போம்; தேவைப்பட்டால் டயாலிசிஸ்.

கெஞ்சிக் கேட்கிறேன்

செய்யாதீர்கள். கேட்கமாட்டீர்கள் என்றால், உணவுக்கென்று விற்கும் புதுக் கண்ணாடி ஜாடியையாவது வாங்குங்கள். மூடியில் துளையிட்டுக் குழாய் செருகி, மறுமுனையை ஒரு தம்ளர் தண்ணீரில் விடுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் “ஒரு வாய்” வேண்டவே வேண்டாம், தயவுசெய்து.

கண் மங்கினாலோ வாந்தி நிற்காவிட்டாலோ 108ஐக் கூப்பிடுங்கள். போலீஸ் கேஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கேனையும் கையோடு கொண்டுவாருங்கள். லேபிளில் என்ன மருந்து என்று எனக்குத் தெரிய வேண்டும்.