ராத்திரியில் இலை ஏறும் சாம்பல்



ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு உளுந்துக்காட்டில் பார்த்தால், தரையை ஒட்டிய இலைகளில் சாம்பலைக் குழைத்து அப்பினாற்போல ஏதோ ஒட்டியிருக்கும். முந்தின நாள் சாயங்காலம் இருந்திருக்காது. "நோய் விழுந்துட்டு சார்" என்று ஓடி வருவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இதற்கு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். வீண் செலவு!

இது சளிப்பூசணம். பெயர்தான் பூசணம், உண்மையில் அமீபா வகையைச் சேர்ந்த உயிர். செடியைத் தின்னாது. மட்கிய தட்டை, குப்பையில் உள்ள பாக்டீரியாக்களையும் பூசண வித்துக்களையும் தின்னும். வித்துவிடும் பருவத்தில் மேடு தேடி இலையில் ஏறிவிடும்.

காலில்லாமல் எப்படி ஏறுகிறது? அதுதான் அதிசயம். உள்ளங்கை அகலம் பரவினாலும் இது ஒரே உயிரணு. உடம்பெல்லாம் நரம்பு மாதிரி குழாய்கள். இவை ஒன்றிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை சுருங்கி விரியும். உள்ளே இருக்கிற கூழ் முன்னே ஓடும், நிற்கும், பின்னே ஓடும். முன்னே போவது கொஞ்சம் கூடுதல் என்பதால் உடம்பு நகர்கிறது. நன்றாக நகர்ந்தால் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் போகும்.

செண்பகவல்லி அம்மன் தேர் இழுக்கையில் ஒருத்தர் குரல் கொடுத்தால்தான் எல்லாரும் சேர்ந்து வடம் இழுக்க முடியும். இதற்கோ மூளையும் இல்லை, குரல் கொடுக்க ஆளும் இல்லை. ஒரு பக்கம் சுருங்கினால் கூழ் அடுத்த பக்கம் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலே சேதி. இரை பட்ட பக்கம் துடிப்பு வேகமாகும், உடம்பும் அங்கே சாயும். உப்புப் பட்டால் விலகிவிடும். 2000ஆம் ஆண்டில் ஜப்பான் விஞ்ஞானி நககாகி, சுற்றுவழிப் பெட்டி ஒன்றில் இதை விட்டு, இரண்டு முனையிலும் ஓட்ஸ் வைத்தார். மற்ற வழிகளை விட்டுவிட்டு, குறுக்குவழியில் மட்டும் ஒரு குழாயை நிறுத்திக்கொண்டதாம்!

சாம்பல் நோய் வேறு. அது மழை ஓய்ந்து பனி இறங்கும்போது வரும். இலையின் சத்தை உறிஞ்சி மஞ்சளாக்கும். அதற்கு மருந்து அடிக்கத்தான் வேண்டும். சளிப்பூசணத்தை விரலால் துடைத்தால் பொருக்காகப் பெயர்ந்து, அடியில் இலை பச்சையாகவே இருக்கும். இளஞ்செடியை முழுசாக மூடியிருந்தால் மட்டும் வெயில் படாது. தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டால் போதும்.

சந்தேகம் இருந்தால் அந்த இலையைக் காகிதத்தில் மடித்து வேளாண்மை விரிவாக்க மையத்துக்குக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், புழுங்கிப்போகும்.