இழுப்பவன் நின்றால் இழுபடுவது நிற்குமா?

நம்மில் பலர் தில்லிக்கு வந்ததே தமிழ்நாடு எக்ஸ்பிரஸில்தான். 1976-இல் அந்த வண்டி ஓடத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு நானும் ஒரு டிரங்குப் பெட்டியோடு புது தில்லி நிலையத்தில் இறங்கினேன். மத்திய அரசில் மின் பொறியாளர் வேலை, ஆர்.கே.புரத்தில் குடித்தனம். அத்தனை ஆண்டுகளில் எத்தனையோ முறை அதே வண்டியில் ஊருக்குப் போய் வந்தாலும், முன்னால் எஞ்சின் நின்றால் பின்னால் வரும் இத்தனை பெட்டிகளும் எப்படி நிற்கின்றன என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. நினைக்க வைத்தது மெல்போர்னில் இருக்கும் என் மகன் வாங்கிய ஒரு டிரெய்லர்.

ஒரு சரிவில் நடந்தது

மகனிடம் ஒரு கேம்பர் வேன் உண்டு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். சாமான் போதவில்லை என்று பின்னால் 1,500 கிலோ பாரம் வரும் டிரெய்லர் ஒன்றைப் பூட்டியிருந்தான். நாங்கள் போயிருந்தபோது, குடும்பத்தோடு டாண்டினாங் மலைப்பக்கம் கிளம்பினோம். இறக்கத்தில் அவன் பிரேக்கை மிதிக்க, யாரோ பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளியது போல வண்டி முன்னே போயிற்று. பேத்தி சிரித்தாள், மகன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"பிரேக் வேலை செய்யுதாடா?" என்றேன்.

"வேனுக்குச் செய்யுதுப்பா. டிரெய்லருக்குத்தான் சந்தேகமா இருக்கு" என்றான்.

நம் ஊரில் தேர் இழுத்தவர்களுக்கு இது புரியும். வடத்தால் தேரை இழுக்கலாம், நிறுத்த முடியாது. அதற்குத்தான் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட ஆட்கள் கூடவே வருகிறார்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்ததும் இதே காரணத்துக்காகத்தான். இழுபடுவது கனமாக இருந்தால் அதற்கென்று தனியாக ஒரு பிரேக் வேண்டும். ஆஸ்திரேலியச் சட்டமும் 750 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம் என்கிறது.

மின்சார பிரேக் என்பது என்ன?

டிரெய்லர் சக்கரத்தின் டிரம்முக்குள் நம் ஸ்கூட்டரில் இருப்பது போலவே இரண்டு பிரேக் கட்டைகள் இருக்கின்றன. அவற்றோடு ஒரு மின்காந்தமும் உண்டு. மின்சாரம் வந்ததும் காந்தம் சுழலும் டிரம்மின் உட்புறத்தில் போய் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது. டிரம் அதைச் சற்று இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழுப்பில் ஒரு நெம்புகோல் அசைந்து, கட்டைகளை டிரம்மோடு அழுத்துகிறது. சக்கரத்தின் சுழற்சியே சக்கரத்தை நிறுத்த உதவுகிறது. மின்சாரம் கூடினால் பிடி இறுகும், குறைந்தால் தளரும்.

எவ்வளவு மின்சாரம் அனுப்புவது என்பதைத் தீர்மானிப்பது ஓட்டுநர் அருகில் இருக்கும் கன்ட்ரோலர். அதற்கு நான்கு வயர்கள். ஒன்று, சர்க்யூட் பிரேக்கர் வழியாக பேட்டரியிலிருந்து வருவது. இரண்டாவது எர்த். மூன்றாவது, பிரேக் விளக்கின் சுவிட்சிலிருந்து வந்து, மிதித்ததைத் தெரிவிப்பது. நான்காவது நீல வயர், டிரெய்லர் காந்தங்களுக்குப் போவது. ஆஸ்திரேலியாவின் ஏழு பின் பிளக்கில் ஐந்தாவது பின் இந்த நீலத்துக்கு, மூன்றாவது பின் வெள்ளை எர்த்துக்கு. மற்ற ஐந்தும் விளக்குகளுக்கு.

கோளாறு எங்கே?

மறுநாள் மல்டிமீட்டரோடு வேனுக்கு அடியில் படுத்தேன். கன்ட்ரோலர் வாயிலில் 12 வோல்ட் இருந்தது. டிரெய்லர் சக்கரத்தில் வைத்துப் பார்த்தால் 9 வோல்ட்தான். மூன்று வோல்ட் எங்கே போனது?

கணக்கு எளியது. ஒரு காந்தம் ஏறக்குறைய 3 ஆம்பியர் எடுக்கும், இரண்டுக்கு 6. முன்னாலிருந்து சக்கரம் வரை 10 மீட்டர், எர்த் வழியாகத் திரும்ப 10 மீட்டர். பொருத்திக் கொடுத்தவர் விளக்குக்குப் போடும் 1 சதுர மில்லிமீட்டர் வயரையே போட்டிருந்தார். அந்த 20 மீட்டர் தாமிரத்திலேயே ஏறக்குறைய 2 வோல்ட் தின்றுபோகும். மிச்சத்தைத் தின்றது துருப்பிடித்த எர்த் இணைப்பு. 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்தான். வயரை மாற்றினோம். எர்த்தைக் கொக்கியின் இரும்பை நம்பி விடாமல் தனி வயராகவே இழுத்தோம். சக்கரத்தில் 11½ வோல்ட் வந்தது.

பிறகு காலியான சமதளச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்து, டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் நிலைக்குச் சற்றுக் கீழே கன்ட்ரோலரை நிறுத்தி வைத்தோம். அதில் ஒரு கைப்பிடியும் உண்டு. டிரெய்லர் வால் ஆட்டினால் காலால் வேன் பிரேக்கை மிதிக்கக் கூடாது. கையால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடிக்க வேண்டும். அப்போது அது பின்னுக்கு இழுபட்டு நேராகிவிடும்.

அறுந்தால் என்ன ஆகும்?

என் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி இதுதான். நீல வயர் அறுந்தால்? கொக்கியே கழன்றால்?

நம் ரயிலில் எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒரு காற்றுக் குழாய் ஓடுகிறது. அதில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். குறைந்தால் பிடிக்கும். பெட்டி கழன்று குழாய் பிரிந்தால், ஒவ்வொரு பெட்டியும் தன் தொட்டியில் சேர்த்து வைத்த காற்றைக் கொண்டு தானே நின்றுவிடும். இணைப்பு போனால் பிரேக் பிடிக்கும் என்பதுதான் ரயிலின் தர்மம். மின்சார டிரெய்லரில் நேர்மாறு, இணைப்பு போனால் பிரேக்கும் போகும்.

அந்தக் குறையைத் தீர்க்கவே டிரெய்லரில் ஒரு சிறு பேட்டரியும் சுவிட்சும் வைக்கிறார்கள். சுவிட்சின் முளையில் ஒரு கம்பி, அதன் மறுமுனை வேனில். டிரெய்லர் கழன்றால் கம்பி முளையைப் பிடுங்கும், பேட்டரி காந்தங்களை இயக்கும். 2,000 கிலோவுக்கு மேல் இது அங்கே கட்டாயம், 15 நிமிடமாவது பிடித்து நிறுத்த வேண்டும் என்பது விதி. "நம்மது 1,500 தானேப்பா, சட்டம் கேக்கலியே" என்றான் மகன். "சட்டம் கேக்கல, நான் கேக்கறேன்" என்றேன். போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

இங்கே நாம்

தில்லிக்குத் திரும்பியது மார்கழிப் பனியில். மேற்கு உத்தரப் பிரதேசச் சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர் டிராலி ஒன்று, பின் விளக்கு இல்லாமல் மூட்டத்துக்குள்ளிருந்து திடீரென்று முளைத்தது. டிரைவர் எப்படியோ ஒதுக்கிவிட்டார். இறங்கிப் பார்த்தேன். டிராலிக்கு என்று பிரேக்கே இல்லை, டிராக்டரை நம்பித்தான் அத்தனை பாரமும் வருகிறது. ஆகவே பனிக்காலத்தில் ஹரித்துவாரோ ஆக்ராவோ போகிற நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்: டிராலியின் பின்னாலும் நெருங்காதீர்கள், சரிவில் அதன் முன்னாலும் நிற்காதீர்கள். அதனால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். பிரேக் இல்லாத தேர் ஓடும், அதுதான் ஆபத்து. அடுத்த முறை தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறும்போது இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து, அந்த ரப்பர் குழாய்களைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். நம்மை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு.