மார்க்கப் வேறு, மார்ஜின் வேறு

எமது வியாபாரிகளில் பலர் ஆங்கிலம் அதிகம் படித்தவர்கள் அல்லர். நானும் அப்படித்தான். பாடசாலையை விட்ட கையோடு வாப்பாவின் கடையில் உட்கார்ந்தவன். ஆனால் இன்று வியாபாரத்தில் நாளாந்தம் பாவிக்கும் சொற்களில் பாதி ஆங்கிலம். கம்பனி ரெப் மார்ஜின் என்கிறார். ஏஜென்ட் சி.ஐ.எப். என்கிறார். தச்சர் கூட எஸ்டிமேட் தருகிறார். நாமும் தலையாட்டுகிறோம்.

இவற்றில் சில சொற்கள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். பேச்சில் ஒன்றுக்குப் பதில் மற்றதைச் சொன்னால் பாதகம் இல்லை. ஆனால் பில்லிலும் ஒப்பந்தத்திலும் அந்த வித்தியாசம் நமது காசு.

இதை நான் நட்டப்பட்டுத்தான் படித்தேன். ஒரு பெருநாள் சீசனில் பக்கத்துக் கடைகள் எல்லாம் கழிவு போட்டன. 100 ரூபாவுக்கு வாங்கிய சாமானை 125 ரூபாவுக்கு விற்பது எனது வழக்கம். இலாபம் 25 வீதம் என்பது என் கணக்கு. அதில் 20 வீதம் கழிவு கொடுத்தாலும் 5 வீதம் மிஞ்சும் என்று நம்பி, பலகையில் எழுதித் தொங்கவிட்டேன். சனம் நிறைந்தது. சாமான் தீர்ந்தது. மாத முடிவில் கடை வாடகைக்கும் பொடியன்மாரின் சம்பளத்துக்கும் கையில் காசு இல்லை. யாரோ கல்லாவில் கை வைத்துவிட்டார்கள் என்று கூட ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன்.

கணக்கியல் படித்த எனது மருமகன் கொப்பியைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “மாமா, கழிவு குடுத்தது 100க்கா, 125க்கா?”

125இல் 20 வீதம் 25 ரூபா. அதைக் கழித்தால் மிச்சம் 100. வாங்கிய விலைக்கே விற்றிருக்கிறேன். வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் கைக்காசு.

மார்க்கப் என்பது வாங்கிய விலையின் மேல் வைக்கும் வீதம். மார்ஜின் என்பது விற்ற விலையில் நமக்கு மிஞ்சும் வீதம். 100க்கு வாங்கி 125க்கு விற்றால் மார்க்கப் 25 வீதம், மார்ஜின் 20 வீதம். 150க்கு விற்றால் மார்க்கப் 50, மார்ஜின் 33 அளவில். 200க்கு விற்றால் மார்க்கப் 100, மார்ஜின் 50. இலாபத்தில் விற்கும் வரை மார்ஜின் எப்போதும் சிறிய எண்தான். கழிவு விற்பனை விலையில் போகிறது. ஆகவே கழிவு கொடுக்க முன் பார்க்க வேண்டியது மார்ஜினை.

விற்பனையில் 25 வீதம் மிஞ்ச வேண்டுமானால் வாங்கிய விலையை 75ஆல் பிரித்து 100ஆல் பெருக்குங்கள். 100 ரூபா சாமானுக்கு 133 ரூபா 33 சதம் வரும். 125 போதாது.

ரெப் வந்து “20 வீதம் தருகிறோம்” என்றால் எதில் 20 என்று கேளுங்கள். பொதியில் அச்சிட்ட விலை 1000 ரூபா என்று வையுங்கள். 20 வீதம் மார்ஜின் என்றால் நமக்கு அடக்கம் 800. 20 வீதம் மார்க்கப் என்றால் அடக்கம் 833 ரூபா 33 சதம். ஆயிரம் பொதிகளில் வித்தியாசம் 33,000 ரூபாவைத் தாண்டும். அச்சிட்ட அதிகூடிய சில்லறை விலைக்கு மேல் விற்பது குற்றம் என்பதால் அதைப் பின்னர் ஈடுசெய்யவும் முடியாது.

அடுத்தது எஸ்டிமேட்டும் கொட்டேஷனும். எஸ்டிமேட் என்பது உத்தேச மதிப்பீடு. வேலை முடியும்போது கூடலாம், குறையலாம். கொட்டேஷன் என்பது “இந்த விலைக்குத் தருகிறேன்” என்ற வாக்கு. மற்றவர் ஏற்றுக்கொண்டால் அந்த விலை நம்மைக் கட்டும். 2022 மார்ச் ஆரம்பத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. திகதி எல்லை போடாமல் கொட்டேஷன் கொடுத்தவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கொடுக்கும் ஒவ்வொரு கொட்டேஷனிலும் “இவ்விலை 7 நாட்களுக்கு மட்டும்” என்று ஒரு வரி எழுதுங்கள். வாங்கும் பக்கம் இருந்தால், கையில் இருக்கும் கடதாசியில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துவிட்டு முற்பணம் கொடுங்கள்.

இறக்குமதி செய்பவர்களுக்கு எப்.ஓ.பி., சி.ஐ.எப். என்ற இரண்டும் பழக்கம். எப்.ஓ.பி. என்றால் அங்குள்ள துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுவது வரை விற்பவரின் பொறுப்பு. கப்பல் கூலியும் காப்புறுதியும் நம்முடையது. சி.ஐ.எப். என்றால் கொழும்பு வரை கூலியையும் காப்புறுதியையும் விற்பவர் கட்டுகிறார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கூலி அவர் கட்டுவதால் கொழும்பு வரும் வரை ஆபத்தும் அவருடையது என்று நினைக்கிறோம். அப்படி அல்ல. சர்வதேச வர்த்தக சம்மேளனத்தின் 2020 விதிகளின்படி, சி.ஐ.எப்.இலும் சரக்கு அங்கே கப்பலில் ஏறியதும் ஆபத்து வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. வழியில் சேதமானால் நாம்தான் காப்புறுதிக் கம்பனியிடம் போக வேண்டும். விற்பவர் எடுக்க வேண்டிய காப்புறுதியோ ஆகக் குறைந்த ‘சி’ வகை. கப்பல் மூழ்கினால், தீப்பிடித்தால் அதில் கிடைக்கும். திருட்டுப் போனால், மழையில் நனைந்தால் கிடைக்காது. ஓடர் கொடுக்கும்போதே ‘ஏ’ வகை வேண்டும் என்று எழுத்தில் கேட்டால் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். ஆனால் நிம்மதி.

கடைசியாக கேரண்டியும் வொரண்டியும். கேரண்டி என்றால் புதிது மாற்றிக் கொடுப்பது, வொரண்டி என்றால் திருத்திக் கொடுப்பது என்பது கடைவீதி வழக்கம். ஆனால் கார்டில் எழுதியிருப்பதே பேசும். சட்டத்தில் கேரண்டி என்பது பெரும்பாலும் பிணை. மற்றவர் கடனைக் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்பது. வொரண்டியை விட வலுவான சொல் கொண்டிஷன். 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, கொண்டிஷன் மீறப்பட்டால் வாங்கியவர் பொருளையே நிராகரிக்கலாம். வொரண்டி மீறப்பட்டால் நட்டஈடு மட்டுமே கேட்கலாம். ஆகவே “சும்மா ஒரு கேரண்டி சைன்தானே” என்று யாராவது கடதாசியை நீட்டினால், அது பொருளுக்கா கடனுக்கா என்று பார்த்துவிட்டுப் பேனையை எடுங்கள்.

ஆங்கிலம் தெரியாதது நமக்குக் குறை அல்ல. தெரிந்தது போலத் தலையாட்டுவதுதான் நட்டம். “இதற்கு என்ன அர்த்தம், காசில் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அன்று பலகையை எழுத முன் மருமகனிடம் அப்படிக் கேட்டிருந்தால், ஒரு பெருநாள் சீசன் முழுவதும் நான் சும்மா கடை திறந்திருக்க மாட்டேன்.