மண்ணுக்குள் கிடக்கும் மாட்டுப் பல்

களம்பூருக்கு அருகே ஒரு கிராமத்தில் மண் மாதிரி சேகரிக்கச் சென்றிருந்தபோது, மேட்டு நிலத்தை இயந்திரம் வைத்துச் சமப்படுத்திக் கொண்டிருந்த விவசாயி ஒருவர், துண்டில் முடிந்து வைத்திருந்த சில பொருள்களைக் காட்டினார். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடுகள் நாலைந்து இருந்தன. அவற்றோடு கட்டைவிரல் பருமனில் ஒரு கடைவாய்ப் பல். "ஐயா, இது மாட்டுப் பல்தான், அது எனக்கே தெரியும். எந்தக் காலத்து மாடு என்று சொல்லுங்கள்" என்றார்.

என்னால் பதில் கூற இயலவில்லை. பானை ஓடுகளை மட்டும் பார்த்தால் 2,000 ஆண்டுகளுக்குக் குறையாது எனலாம். ஆனால் பல்லும் ஓடும் ஒரே அடுக்கில் கிடந்தனவா, அல்லது பல் மேல் மண்ணிலும் ஓடு மூன்றடி ஆழத்திலும் இருந்து இயந்திரம் கலந்து விட்டதா? அவருக்கும் தெரியவில்லை. போன தலைமுறையில் இறந்த உழவு மாட்டின் பல்லாகவும் அது இருக்கலாம். இடம் கலைந்து விட்டால் பல் வெறும் பல்தான். கலையாமல் இருந்தால் அது எவ்வளவு செய்தி சொல்லும் என்பதை இந்த வாரம் உழவர் பெருமக்களுக்கு விளக்க விரும்புகிறேன். உர அட்டவணையை அடுத்த வாரம் பார்த்துக் கொள்ளலாம்.

பல் பார்க்கும் கலை

பழங்கால மக்கள் தின்றதும், வளர்த்ததும், வேலை வாங்கியதுமான விலங்குகளின் எலும்பு, பல், கொம்பு ஆகியவற்றை ஆராய்வது தொல்லியலில் தனி ஒரு துறையாக வளர்ந்திருக்கிறது. இதில் முதல் பாடம் உங்களுக்கு ஏற்கனவே தெரிந்ததுதான். கேளூர்ச் சந்தையில் மாடு பிடிப்பவர் என்ன செய்கிறார்? மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். இரண்டு பல் என்றால் ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வயது. நாலு பல் என்றால் மூன்று. எட்டுப் பல்லும் சேர்ந்து விட்டால் நாலரை, ஐந்துக்கு மேல். அதன் பிறகு தேய்மானத்தைப் பார்த்து வயதை மதிப்பிடுகிறார். ஆராய்ச்சியாளரும் இதையேதான் செய்கிறார். ஆனால் முன்பற்கள் எளிதில் உதிர்ந்து சிதறி விடுவதால், அவர் தாடையோடு ஒட்டியிருக்கும் கடைவாய்ப் பற்களின் முளைப்பையும் தேய்வையும் அதிகம் நம்புகிறார்.

ஒரு மாட்டின் வயது தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். ஒரு மாட்டின் வயதால் பயன் அதிகம் இல்லை. ஒரே ஊரில், ஒரே காலத்தில் இறந்த நூறு மாடுகளின் வயது தெரிந்தால் அந்த ஊர் மாட்டை எதற்காக வளர்த்தது என்பது விளங்கி விடும். கறிக்காக வளர்ப்பவர்கள் உடல் வளர்ச்சி முடியும் தறுவாயில் அறுத்து விடுவார்கள். அதற்கு மேல் தீனி போடுவது நஷ்டம். பாலுக்காக வளர்த்தால் கிழப் பசுக்களின் எலும்பு மிகுதியாகவும், காளைக் கன்றுகளின் எலும்பு இளம் வயதினவாகவும் கிடைக்கும். உழவுக்கும் வண்டிக்கும் வளர்த்தால் வயது முதிர்ந்த காளைகளின் எலும்பு கிடைக்கும். இன்று நம் ஊர்த் தொழுவங்களில் காளைக் கன்றுகள் எத்தனை மாதம் தங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். டிராக்டர் வந்த பிறகு அந்தக் கணக்கு மாறி விட்டது. 2,000 ஆண்டு கழித்து நம் மண்ணைத் தோண்டுபவர் பல்லைப் பார்த்தே அந்த மாற்றத்தைக் கண்டு கொள்வார்.

நுகத்தடி பட்ட மாட்டின் காலும் காட்டிக் கொடுக்கும். பல ஆண்டுகள் பாரம் இழுத்த காளைக்குக் குளம்புக்கு மேலுள்ள கால் எலும்புகள் அகன்று, மூட்டு ஓரங்களில் எலும்பு முடிச்சு முடிச்சாக வளர்ந்து விடுகிறது. இடுப்பு மூட்டும் தேய்கிறது. ஏர் மரத்தால் செய்யப்பட்டதாகையால் மண்ணில் மக்கி மறைந்து போகும். இழுத்த மாட்டின் கால் மறைவதில்லை.

திமிலுக்கும் இப்படி ஓர் அடையாளம் உண்டு. திமில் வெறும் சதை, அது மண்ணில் தங்காது. ஆனால் நம் நாட்டு மாட்டின் முதுகெலும்பில், திமில் இருக்கும் பகுதியில் மேல் நோக்கி நிற்கும் முள்ளெலும்பு நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். சீமை மாட்டுக்கு அப்படி இருக்காது. இந்தப் பிளவையும் ஒரு சான்றாகக் கொண்டு, இன்றைய பாகிஸ்தானில் உள்ள மெஹர்கர் என்னும் இடத்தில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே திமிலுள்ள மாடு வீட்டு விலங்காக இருந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். நாம் "நாட்டு மாடு" என்று சொல்லும் இனத்தின் பழைமை அவ்வளவு.

தின்ற தீனியும் கறந்த பாலும்

குஜராத்தில் கட்ச் பகுதியில் கொட்டாடா பட்லி என்று ஒரு சிற்றூர். சிந்து வெளி நாகரிகக் காலத்தது, சுமார் 4,500 ஆண்டுப் பழைமை உடையது. அங்கே கிடைத்த 59 பானை ஓடுகளைச் சோதித்து 2020இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. சுடு மண் பானை பால் காய்ச்சும்போது கொழுப்பை உறிஞ்சிக் கொள்ளும் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த செய்தி. அந்தக் கொழுப்பின் எச்சம் ஓட்டின் துளைகளுக்குள் இத்தனை ஆண்டும் தங்கியிருந்தது. பல ஓடுகளில் இருந்தது பால் கொழுப்பு என உறுதியாயிற்று.

பற்களும் அதற்கு ஒத்துச் சாட்சி சொல்லின. மாடும் எருமையும் வயது முதிர்ந்தே இறந்திருந்தன. ஆடுகள் பெரும்பாலும் இளமையிலேயே அறுக்கப்பட்டிருந்தன. மாடு பாலுக்கு, ஆடு கறிக்கு என்று அவர்கள் வகுத்துக் கொண்டிருந்தார்கள்.

மாடு என்ன தின்றது என்பதையும் பல்லிலேயே கண்டார்கள். இதைச் சிறிது விளக்க வேண்டும். பயிர்கள் காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக் கொள்ளும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. நெல், பயறு, மரத்தழை ஆகியவை ஒரு வகை. சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவை வேறு வகை. வாயுவில் உள்ள கரியில் எடை சற்றுக் கூடிய அணு ஒன்று மிகச் சிறிய அளவில் கலந்திருக்கிறது. இரண்டாம் வகைப் பயிர்களில் அது கொஞ்சம் கூடுதலாகச் சேரும். அந்தத் தீனியைத் தின்ற மாட்டின் பல்லிலும் அதே விகிதம் பதிந்து விடும். ஆகவே பல்லைப் பொடித்து அளந்தால், வைக்கோல் தின்ற மாடா, சோளத் தட்டு தின்ற மாடா என்று சொல்லி விடலாம். கொட்டாடா பட்லியில் ஆடுகளை விட மாடும் எருமையும் சிறுதானியத் தீவனத்தை அதிகம் தின்றிருந்தன. அதாவது கறவைக்குத் தட்டை வெட்டிப் போட்டார்கள், ஆட்டைக் காட்டில் மேய விட்டார்கள். நம் வீட்டுக் கதைதான்.

கீழடியும் நம் பக்கமும்

சிவகங்கை மாவட்டம் கீழடியில் கிடைத்த எலும்புத் துண்டுகளில் 70 மாதிரிகள் புனே தக்காணக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டன. முடிவைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறி ஆகியவை சேர்ந்து 53 விழுக்காடு. மற்றவற்றில் நீலான் மான், வெளிமான், காட்டுப் பன்றி, மயில் ஆகியவை அடையாளம் காணப்பட்டன. சில எலும்புகளில் கத்தி வெட்டுத் தழும்பும் இருந்தது. மாடு வளர்த்து உழவு செய்த ஊர், அதே சமயம் வேட்டையையும் விட்டு விடவில்லை என்று இதிலிருந்து கொள்ளலாம். ஆனால் விழுக்காட்டைப் படிக்கும்போது எச்சரிக்கை தேவை. ஒரு மாட்டின் காலே உடைந்து பத்துத் துண்டாகும். மயிலின் எலும்போ நாய் வாயில் போய் மறைந்து விடும். 70 துண்டு என்பது 70 விலங்கு அல்ல.

நாய் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. நாய் எலும்பு ஒன்று கூடக் கிடைக்காத இடத்திலும், மற்ற எலும்புகளில் உள்ள பல் கடியைப் பார்த்து அங்கே நாய் இருந்தது என்று சொல்லலாம். அதன் பெயரைச் சொல்ல முடியாது. நம் மாவட்டத்தில் தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூரில் உள்ள 7ஆம் நூற்றாண்டு நடுகல் அந்தக் குறையையும் தீர்க்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் பெயர், வீரனின் உருவத்தோடு அந்தக் கல்லில் வெட்டப்பட்டுள்ளது.

முன்னாள் வட ஆற்காடு மாவட்டத்தில், இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் அகழாய்வு செய்தது. அங்கே வாழ்ந்த புதிய கற்கால மக்கள் கற்கோடரி கொண்டு வேலை செய்தவர்கள். கருகிய கொள்ளும் பச்சைப் பயறும் அங்கே கிடைத்தன. அந்தக் கால மக்களின் கால்நடைச் செல்வத்தை நேரில் பார்க்க வேண்டுமானால் வடக்கே கர்நாடகத்துக்கும் தெலங்கானாவுக்கும் போக வேண்டும். அங்கே குன்று போல் சாம்பல் மேடுகள் நிற்கின்றன. பெல்லாரி அருகே உள்ள மேட்டை அரக்கன் எரிந்த சாம்பல் என்று மக்கள் நம்பினார்கள். 1957இல் உட்னூர் என்ற இடத்தில் ஆல்சின் என்ற ஆங்கிலேய அறிஞர் தோண்டியபோது அடுக்கு அடுக்காக எரிந்த சாணமும், மரக் கம்பம் நட்ட பட்டியின் தடமும், மாட்டின் குளம்படிகளும் வெளிப்பட்டன. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முந்திய மாட்டுப் பட்டி அது. பட்டியில் சேர்ந்த சாணத்தை அவ்வப்போது கொளுத்தியிருக்கிறார்கள். எதற்காக என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நோய் தடுக்கவா, சடங்குக்கா தெரியவில்லை. மண் வளத்தைப் பற்றியே பேசிப் பழகிய எனக்கு, அத்தனை சாணத்தின் தழைச்சத்தும் புகையாகப் போயிற்றே என்றுதான் முதலில் தோன்றியது.

ஆரணிப் பட்டுக்குத் தறி போட்டிருக்கும் வீடுகள் இந்தப் பக்கத்தில் பல. பட்டு நூலும் விலங்கின் எச்சம்தான் என்பதை அவர்கள் அறிவார்கள். ஹரப்பாவிலும் சன்ஹுதாரோவிலும் கிடைத்த அணிகலன்களில் பட்டு இழை ஒட்டியிருந்ததாக 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. காலம் 4,000 ஆண்டுகளுக்கும் மேல். அது முசுக்கொட்டை தின்னும் புழுவின் பட்டு அல்ல. காட்டுப் பட்டுப்பூச்சி வகை.

எல்லா மண்ணும் எலும்பைக் காப்பதில்லை

எலும்பின் கடினப் பகுதி சுண்ணாம்பும் மணிச்சத்தும் கலந்தது. புளிப்பு மண்ணில் அது கரையும். காரத்தன்மையுள்ள, சுண்ணாம்புக் கட்டி கலந்த மண்ணில் நெடுங்காலம் நிற்கும். எலும்புத் தூள் உரம் புளிப்பு மண்ணில் நன்றாக வேலை செய்வதும், நம் கார நிலங்களில் மந்தமாக இருப்பதும் இதே காரணத்தால்தான். எலும்பைக் கந்தக அமிலத்தில் கரைத்து உரமாக்கியதிலிருந்துதான் இன்றைய சூப்பர் பாஸ்பேட் பிறந்தது. இங்கிலாந்தில் லாஸ் என்பவர் அதற்கு 1842இல் காப்புரிமை பெற்றார். ஆகவே நன்றாக வடியும் செம்மண் மேட்டில் பானை ஓடு ஏராளமாகக் கிடைத்து, எலும்பு ஒன்றும் கிடைக்காவிட்டால் அங்கே மாடே இல்லை என்று பொருள் அல்ல. பல்லின் மேற்பூச்சு எலும்பை விடக் கெட்டியானதாகையால், எலும்பெல்லாம் கரைந்த பிறகும் பல் மட்டும் மிஞ்சுவது உண்டு. அந்த விவசாயியின் துண்டில் இருந்ததும் அப்படி மிஞ்சியதாக இருக்கலாம்.

உங்கள் நிலத்தில் கிடைத்தால்

நம் பகுதியில் வட்டமாகக் கல் நட்ட இடங்களைப் பாண்டவர் குழி, வாலியர் வீடு என்று சொல்வார்கள். அவை பழைய ஈமக் குழிகள். கிணறு வெட்டும்போதோ, நிலத்தைச் சமன் செய்யும்போதோ, ஏரி வண்டல் அள்ளும்போதோ தாழி, கறுப்பு சிவப்பு ஓடு, அவற்றோடு எலும்பு தென்பட்டால் அந்த இடத்தில் மட்டும் இயந்திரத்தை நிறுத்துங்கள். மற்ற பகுதியில் வேலையைத் தொடரலாம். எலும்பைப் பிடுங்காதீர்கள், கழுவாதீர்கள். கழுவினால் ஒட்டியிருக்கும் மண்ணும் அதோடு வரும் சான்றும் போய் விடும். எத்தனை அடி ஆழம், எந்த நிற மண், பக்கத்தில் என்ன இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். வெளியே வந்து விட்டதைக் காகிதத்தில் சுற்றி நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து நொறுங்கும். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ தெரிவியுங்கள். வேலூர் அரசு அருங்காட்சியகத்திலும் கேட்கலாம். காசு, பொன், சிலை போன்றவை கிடைத்தால் தெரிவிப்பது 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமையும் ஆகும். எலும்பு பொறுக்க வருபவரிடம் எடைக்குப் போட்டு விடாதீர்கள்.

"சொன்னால் நிலத்தை எடுத்துக் கொள்வார்களே" என்று அந்த விவசாயி தயங்கினார். பலரும் வாய் திறக்காததற்குக் காரணம் இந்த அச்சம்தான். அது முழுக்க ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன். மிக முக்கியமான சில இடங்கள் பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கப்படுவது உண்டு, அங்கே கட்டடம் கட்ட வரையறையும் உண்டு. ஆனால் பத்து ஓடும் ஒரு பல்லும் கிடைத்த நிலத்துக்கு அந்த நிலை வருவது அரிது. கீழடியிலும் தொடக்க ஆண்டுகளில் தனியார் தென்னந்தோப்புகளில் மரங்களுக்கு இடையேதான் குழி வெட்டினார்கள். ஆய்வு முடிந்ததும் மண்ணிட்டு மூடினார்கள்.

அவர் நிலத்தின் வடக்கு மூலையில் இயந்திரம் படாத கால் ஏக்கர் இன்னும் மேடாகவே இருக்கிறது. அதை இந்தப் பட்டத்தில் தொடுவதில்லை என்று சொல்லியிருக்கிறார். துண்டில் இருந்த பல்லை, கிடைத்த இடத்தின் சர்வே எண்ணை எழுதிய சீட்டோடு ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.