பதினான்கின் பெருக்கமும் பிள்ளையின் வினாவும்

87,17,82,91,201 என்னும் பதினொரு இலக்க எண், 1 முதல் 14 வரையுள்ள எண்களைத் தொடர்ந்து பெருக்கி, அதாவது 14-இன் காரணீயப் பெருக்கத்தைக் கண்டு, அதனோடு 1-ஐக் கூட்டுவதால் கிடைப்பது. இவ்வகை எண்களைப் பற்றி 1930-இல் ஒரு வினாவை எழுப்பியவர், குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இல் பிறந்து, அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலின் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரான எஸ். எஸ். பிள்ளை.

ஓர் எண்ணின் காரணீயப் பெருக்கத்தோடு 1-ஐக் கூட்டி, அத்தொகையை மீதியின்றி வகுக்கும் பகா எண்ணை, அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்ணை, எடுத்துக்கொண்டு, அதிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது தொடக்க எண்ணால் எப்போதும் வகுபடுமா என்பதே அவ்வினா. 5-க்கு 121 கிடைக்கிறது; அதை வகுக்கும் பகா எண் 11; அதிலிருந்து 1-ஐக் கழித்த 10, 5-ஆல் வகுபடுகிறது. 7 வரை இவ்வொழுங்கு பிறழ்வதே இல்லை என்பதால் ஐயம் நியாயமானதே. ஆனால் 8-க்குக் கிடைக்கும் 40,321 என்பது 61, 661 ஆகியவற்றின் பெருக்கம். 60-ஐயும் 660-ஐயும் 8 வகுப்பதில்லை.

முதலில் சொன்ன பேரெண்ணை 2 முதல் 14 வரை எதனால் வகுத்தாலும் மீதி 1 வருமாதலால், அதன் பகாக் காரணிகள் 14-ஐ விடப் பெரியனவாகவே இருக்க வேண்டும். அவை 23-உம் 379,03,60,487-உம் ஆகும். 22-ஐ 14 வகுக்காது. மற்றதிலிருந்து 1-ஐக் கழித்தாலும் வகுக்காது. 23-ஆல் வகுபடுவதை அறியப் பெரிய பெருக்கல் எதுவும் தேவையில்லை. பெருக்கிக்கொண்டே போகையில் 23-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டால், 4, 8, 11 ஆகியவற்றின் காரணீயப் பெருக்கங்கள் ஒவ்வொன்றும் மீதி 1 தருகின்றன; எஞ்சிய 12, 13, 14 ஆகியவற்றின் பெருக்கம் 2184; 23 × 95 = 2185 என்பதால் அதற்கு ஒன்றுதான் குறைவு.

இந்த 2184 பிள்ளையின் வேறோர் ஆய்விலும் தலைகாட்டுவது வெறும் தற்செயலே எனினும் சுவையானது. அடுத்தடுத்து வரும் 16 எண்கள் வரை எடுத்தால், மற்ற எவற்றோடும் பொதுக் காரணி இல்லாத ஓர் எண்ணாவது அவற்றுள் இருந்தே தீரும் என்றும், 17 எண்களானால் இது தவறக்கூடும் என்றும் அவர் 1940-இல் நிறுவினார். தவறும் இடம் 2184 முதல் 2200 வரை.

1930-இன் வினாவுக்கு விடை ‘இல்லை’ என்று எடுத்துக்காட்டியவர் எஸ். சௌலா. 1950-இல் ஹார்வர்டு மாநாட்டுக்குச் செல்லும் வழியில் கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் பிள்ளை இறந்தார். அவ்வொழுங்கை மீறும் பகா எண்கள் இன்று ‘பிள்ளைப் பகா எண்கள்’ எனப்படுகின்றன. 23, 29, 59, 61 எனத் தொடங்கும் அவை முடிவின்றி நீள்கின்றன என்பதை, ராமானுஜனோடு பணியாற்றிய ஹார்டி அல்லாத வேறொரு ஹார்டியும் கனடாவின் எம். வி. சுப்பாராவும் 2002-இல் வெளியிட்ட கட்டுரை விளக்குகிறது.