ஓர் எழுத்து பிசகினால்...

ரத்த செல்லின் வடிவத்தையே மாற்றிவிடும் அரிவாள் செல் சோகை, செல்லின் எந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது என்பதையும் காட்டிக்கொடுக்கிறது.

மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் 2023 ஜூலை 1-ம் தேதி ஒரு தேசிய இயக்கம் தொடங்கியது. இலக்கு: 2047-க்குள் அரிவாள் செல் சோகையை ஒழிப்பது. 17 மாநிலங்களில், முக்கியமாகப் பழங்குடிப் பகுதிகளில், 7 கோடிப் பேரின் ரத்தத்தைப் பரிசோதிக்கத் திட்டம். எதிரியோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட அகலமில்லாத, அரிவாளாக வளைந்த சிவப்பணு. இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது 1952-ல், நீலகிரிப் பழங்குடியினரிடம்.

வளைவின் காரணம் எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது. வினாடிக்கு 20 லட்சத்துக்கும் அதிகமான சிவப்பணுக்கள் அங்கு உருவாகின்றன. உருவாகும்போது இவையும் மற்ற செல்களைப் போலத்தான். சுற்றிலும் மெல்லிய சவ்வு; எதை உள்ளே விடுவது, எதை வெளியே அனுப்புவது என்பது அதன் பொறுப்பு. உள்ளே கூழ் போன்ற சைட்டோபிளாசம். நடுவே தலைமைச் செயலகமாக உட்கரு.

ஹீமோகுளோபின் தயாரிப்பதற்கான குறிப்பு, உட்கருவிலுள்ள டி.என்.ஏ.வில் எழுதப்பட்டிருக்கிறது. மூல ஆவணம் வெளியே வருவதில்லை. ஆர்.என்.ஏ. என்ற நகல் மட்டும் உட்கருவின் துளைகள் வழியே சைட்டோபிளாசத்துக்கு வருகிறது. அங்கே ரைபோசோம்கள் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்குகின்றன. இதற்கான சக்தியைத் தருவது மைட்டோகாண்ட்ரியா. ஹீமோகுளோபினின் இரும்பு அதற்குரிய இடத்தில் பொருத்தப்படுவதும் அதற்குள்தான்.

வேலை முடிந்ததும் சிவப்பணு ஒரு விசித்திரம் செய்கிறது. முதலில் உட்கருவைத் தூக்கி எறிகிறது. பிறகு மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம் எல்லாவற்றையும் இழக்கிறது. மிஞ்சுவது சவ்வும் அதனுள் நிறைந்த ஹீமோகுளோபினும்தான். சுமக்கும் ஆக்சிஜனில் தனக்கென எதையும் எடுத்துக்கொள்ளாத சுமைதூக்கி அது.

டி.என்.ஏ.வில் 'ஏ' இருக்க வேண்டிய ஓரிடத்தில் 'டி' இருந்தால்? நகலிலும் அதே பிழை. ரைபோசோம் கேள்வி கேட்பதில்லை. 146 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வாலினைக் கோத்துவிடுகிறது. ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகின்றன. இழைகள் சவ்வைத் தள்ள, செல் வளைகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. தாங்க முடியாத வலி. 120 நாள் வாழ வேண்டிய செல் 10 முதல் 20 நாளில் அழிந்துபோகிறது. விளைவு, சோகை.

உட்கரு இல்லாத சிவப்பணுவில் பிழையைத் திருத்த வழியில்லை. ஹைட்ராக்சியூரியா மாத்திரை வேதனையைக் குறைக்கிறது. நிரந்தரத் தீர்வுக்கு மஜ்ஜையின் மூல செல்களையே நாட வேண்டும்: ஒன்று மஜ்ஜை மாற்று சிகிச்சை, மற்றது மரபணுவில் மாற்றம் செய்வது. 2023-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் இரண்டாவதை அனுமதித்தன. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர்.

ஷாதோலின் ஏழைக் குடும்பத்துக்கு இப்போதைக்குக் கைக்கெட்டுவது ரத்தப் பரிசோதனைதான். பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் பிழையைப் பெற்றவருக்குப் பொதுவாக நோய் வராது. மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புகூட உண்டு. மலேரியா மிகுந்த பகுதிகளில் இந்தப் பிழை நிலைத்துவிட்டதன் ரகசியம் அதுதான். ஆனால் அப்படிப்பட்ட இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. திருமணத்துக்கு முன் ஜாதகத்தோடு ரத்தத்தையும் பார்ப்பது நல்லது.