துவரம்பருப்பின் இரு விலைகள்

தமிழ்நாட்டை விட்டு எங்கே குடியேறினாலும் நம் வீட்டுச் சாம்பாருக்குத் துவரம்பருப்பு வேண்டும். அதன் விலை ஏறும்போது விரைந்து ஏறுவதும், இறங்கும்போது தயங்கி இறங்குவதும் ஏன்? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

துவரை பெரும்பாலும் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்தின் கலபுரகிப் பகுதியிலும் மழையை நம்பி விளைவது. விளைச்சல் போதாதபோது மியன்மாரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் தருவிக்கிறோம். ஆகவே, விலையேற்றம் எல்லாம் வாணிகரின் சூழ்ச்சி என்பது நேர்மையன்று. ஆனால், மண்டியில் விலை தணிந்த பின்னும் கடையில் தணியாவிடில் ஐயம் எழுவது இயல்பே.

2024ஆம் ஆண்டு ஜூன் 21 அன்று மத்திய அரசு துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் அவ்வாண்டு செப்டம்பர் முடிய இருப்பு வரம்பு விதித்தது. பல கிளைகளையுடைய பெருங்கடைகள், கிளை ஒன்றில் 5 டன்னும் கிடங்கில் 200 டன்னுமே வைத்திருக்கலாம் என்பது ஆணை. ஜூலையில் நுகர்வோர் துறைச் செயலாளர் அந்நிறுவனங்களின் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். முக்கிய மண்டிகளில் விலை ஒரு மாதத்தில் 4 விழுக்காடு வரை இறங்கியும் சில்லறை விலை அதற்கேற்ப இறங்கவில்லை. விற்பவர் கூடுதல் ஆதாயம் எடுப்பதையே இது காட்டுகிறது என்றார். கிலோ 150 ரூபாய்ப் பருப்பில் இது 6 ரூபாய். ஒரு வீட்டுக்கு இது சிறு தொகை. நூற்றுக்கணக்கான கிளைகளையுடைய கடைக்கோ பெருந்தொகை.

முன்பு வாங்கிய சரக்கு விலை மிகுந்தது என்று கடைக்காரர் கூறலாம். அச்சரக்குத் தீரும் வரையில் அது தக்க காரணமே, அதற்கப்பால் அன்று.

பொட்டலத்தின் மேல் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையைப் பருப்புக்கு அரசு குறிப்பதில்லை. பொட்டலம் கட்டுபவரே குறிக்கிறார். கடையே தன் பெயரில் பருப்பைப் பொட்டலமிட்டால், உச்ச விலையும் தள்ளுபடியும் ஒரே கையில் அடங்கிவிடுகின்றன. ஆதலால் பெரிய தள்ளுபடி மலிவுக்குச் சான்றாகாது. நாம் கொடுக்கும் பணம் கிலோவுக்கு எவ்வளவு ஆகிறதென்று கணக்கிட்டு, அக்கம்பக்கத்துக் கடை விலையோடும், நுகர்வோர் துறை நாள்தோறும் வெளியிடும் விலைப் பட்டியலோடும் ஒப்பிடுவதே சரியான வழி.

அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது குற்றம். வேற்று மொழி வழங்கும் ஊரில் வாதாடத் தயங்குவோர் தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915இல் தமிழிலேயே முறையிடலாம். அதற்கு வேண்டியது கடைச் சீட்டு. அதைக் கசக்கி எறியாமல் வைத்திருப்போமாக.